கடைசி யாரு?

அந்த அக்கா மேல் விழுந்த பழி என்னுடையது. சுங்கை பட்டாணி ஆபீசில் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனதற்குக் காரணம் நான். என் கணினியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டின் எண்ணை யாருக்கும் தெரியாமல் மாற்றியவன் நான். கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய அதிகாரியின் முன்னால் அக்கா திட்டு வாங்கியபோது, நான் ஆறடி தள்ளி நின்று குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வரவேண்டிய பதவி எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி இனி எழுதப்போவது பெரும்பாலும் சிரிப்பான சங்கதிகள். அவற்றைப் படித்துவிட்டு என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால், "எத்தனையோ பேர் இருக்காங்க, என்னை எதுக்கு முன்னால தள்ளுறீங்க?" என்பார். முன்னால் போவது அவருக்குப் பிடிக்காது. யாராவது தன்னைத் தாண்டி முன்னால் போவதும் பிடிக்காது. அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

எங்கே நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசி யாரு?" கிளினிக்கில், தபால் ஆபீசில், பாசாரில் மீன் கடை முன்னால், எங்கேயும். வரிசையே இல்லாத இடத்திலும் கேட்பார். அதில் ஒரு வித்தை இருந்தது. மீன் கடையைச் சுற்றிப் பத்துப் பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்கா வந்து, "கடைசி யாரு?" என்பார். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்குவார். "உங்களுக்கு முன்னால யாரு வந்தது?" அவர் இன்னொருவரைக் காட்டுவார். இரண்டு நிமிடத்தில் அந்தக் கூட்டம் ஒரு வரிசையாகிவிடும். மீன்காரர் அக்காவுக்கு நன்றி சொல்வார். அக்கா கடைசியில் போய் நிற்பார்.

ஒருமுறை பாக்கார் ஆராங்கில் எங்கள் ஆபீஸ் டிரைவரின் மாமனார் இறந்துபோனார். மாலை போட ஆட்கள் நிற்கிறார்கள். அக்கா உள்ளே வந்து, பழக்க தோஷத்தில், நல்ல சத்தமாக, "கடைசி யாரு?" என்று கேட்டுவிட்டார். மூலையில் நாற்காலியில் இருந்த எண்பது வயதுக்காரர் ஒருவர் நிமிர்ந்து, "நான் இல்லம்மா, எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார். சாவு வீட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு எத்தனை பேர் பின்வாசல் பக்கம் ஓடினார்கள் என்று எண்ண முடியவில்லை. நானும் ஓடினேன்.

அக்கா கத்தோலிக்கர். சனிக்கிழமை சாயந்தரம் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசையையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். யாரும் அவரிடம் அந்த வேலையை ஒப்படைக்கவில்லை. ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் காரை வாசலில் நிறுத்திவிட்டு அவசரமாக வந்து, "அக்கா, காடி வெளிய நிக்குது, நான் முதல்ல போயிட்டு வந்துர்றேன்லா" என்றாராம். அக்கா, "பாவம் செஞ்சப்ப காடி எங்க நின்னுச்சு?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வரிசையின் கடைசிக்குப் போனார். இதை எங்களிடம் சொன்னவர் அந்தக் கடைக்காரரேதான். சொல்லிவிட்டு அவரே அதிகம் சிரித்தார்.

பேச்சிலும் அப்படியே. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் அக்கா தன் வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவரைக் கையால் காட்டுவார். கணவரோடு சண்டை போடும்போதும் அப்படித்தானாம். அவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "முடிச்சிட்டீங்களா? இப்ப நான்" என்று ஆரம்பிப்பாராம். அந்த "இப்ப நான்" என்ற வார்த்தைக்கு அவர் கணவர் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்ததில்லை.

நான் இதற்கு நேரெதிர். ஹெச்.எஸ்.சி. பாஸ் செய்தவன். நல்ல ஆங்கிலம். மற்றவர் பேச ஆரம்பிக்கும் வாக்கியத்தை முடித்துக்கொடுப்பது கெட்டிக்காரத்தனம் என்று நம்பியவன்.

இந்த வரிசைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க தம்பி. பாலை வாளியில எடுத்துட்டு வந்து நிறுக்கிற எடத்துல நிப்பாங்க. வேலைய மேய்க்கிற மண்டோருக்கு வேண்டியவங்க பின்னால வந்து முன்னால போயிருவாங்க. வெயில் ஏறிக்கிட்டே இருக்கும். ஒருநாள் எங்கம்மா முறை வர்றதுக்குள்ள வாளியில பால் உறைஞ்சு போச்சு. உறைஞ்சதுக்கு வெல கம்மிலா. அன்னிக்கு அம்மா அழுவல. வாளியைத் தூக்கிட்டு வந்து, எங்களை வரிசையா உக்கார வெச்சு, சின்னவன்லருந்து சோறு போட்டாங்க."

சொல்லிவிட்டு கோப்பையைக் கழுவப் போனார். குழாயில் இன்னொருவர் நின்றதால் பின்னால் நின்றார்.

எங்கள் ஆபீஸ் கெடாவில் இருந்த சில ரப்பர் தோட்டங்களுக்குத் தலைமை ஆபீஸ். அக்கா தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து, தட்டச்சு பாஸ் செய்து, ஆபீசுக்கு வந்தவர். மூன்றாம் பாரம்வரைதான் படிப்பு. மலாய்க்காரரான மேனேஜரும் சீனப் பெண்ணான கணக்குக் கிராணியும்கூட அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஐந்து கணினிகள் வந்தன. அவற்றை ஒரு கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப் பினாங்கிலிருந்து ஒரு சீன இளைஞர் வந்தார். ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு பச்சை கார்டைச் செருகினார். கார்டின் ஓரத்தில் அரிசியைவிடச் சின்னதாக எட்டு வெள்ளைப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. அவற்றை மேலும் கீழும் தள்ளி அந்தக் கார்டுக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். கம்பியில் அந்த எண்தான் கணினிக்கு அடையாளம். இளைஞர் எங்களுக்கு மலாயில் விளக்கினார்.

"எல்லாம் ஒரே கம்பியில் பேசுகின்றன. ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் முறை போட்டுப் பேசும். ஒன்று பேசி முடித்ததும் அடுத்த எண்ணுக்கு முறையைக் கொடுக்கும். கடைசி எண் பேசியதும் மறுபடி முதலிலிருந்து. பெராத்தூர் மாதிரி."

பெராத்தூர் என்றால் வரிசையில் நிற்பது. அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"நடுவுல யாரும் பூந்துர முடியாதா?" என்று கேட்டார்.

"முடியாது. ஆனால் இரண்டு கணினிக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டும் ஒரே முறையில் வாயைத் திறக்கும். எல்லாமே நின்றுவிடும்."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

இளைஞர் எட்டுப் பொத்தான்களுக்கும் மதிப்புச் சொன்னார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு, நூற்று இருபத்தெட்டு. எதையெதைத் தள்ளுகிறோமோ அதன் கூட்டல்தான் எண். நான் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். அக்கா குறிக்கவில்லை. "எடைக்கல்லு மாதிரிதானே? தட்டுல எத்தனை கல்லு வைக்கிறோமோ அத்தனை" என்றார். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இரண்டு நாளாயிற்று.

அந்த இளைஞர் கொஞ்சம் சோம்பேறி. கணினிக்கு ஒரு பொத்தான் வீதம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அதனால் அக்காவுக்கு ஒன்று, ஸ்டோர் கிராணிக்கு இரண்டு, கணக்குக் கிராணிக்கு நான்கு, எனக்கு எட்டு, மேனேஜர் அறையில் இருந்த பெரிய கணினிக்குப் பதினாறு.

இங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. சீனர்களுக்கு நான்கு ஆகாது, அது சாவு எண். கணக்குக் கிராணி இரண்டு நாள் அந்தக் கணினியைத் தொடவில்லை. நான் சிரித்தேன். "பெட்டிக்குள்ள இருக்கிற நம்பரை யார் பார்க்கப் போறாங்க?" என்றேன். அவள், "நான் அதைப் பார்க்கலை. அது என்னைப் பார்க்குது" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. "உனக்கு எது வேணும்?" என்று கேட்டார். அவளுக்கு எட்டு பிடிக்கும், ஆனால் அது என்னிடம் இருந்தது. "அப்ப எண்பத்தெட்டா வெச்சுக்க. ரெண்டு எட்டு" என்றார் அக்கா. கணினியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பேனா முனையால் பொத்தான்களைத் தள்ளினார். "அறுவத்து நாலு, பதினாறு, எட்டு. மூணு கல்லு." மூடினார். அவள் அன்று மதியம் எல்லோருக்கும் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தாள்.

அதைப் பார்த்து மலாய்க்காரரான ஸ்டோர் கிராணிக்கும் ஆசை வந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எண்பத்தாறு. அந்த வண்டியிலிருந்து இதுவரை விழுந்ததே இல்லையாம். "நாலு கல்லு" என்றார் அக்கா. ஆனால் உடனே செய்யவில்லை. சுவரில் ஒரு தாளை ஒட்டி, அதில் பேர் எழுதச் சொன்னார். எங்கள் மாநிலத்தில் வெள்ளி விடுமுறை, வியாழன் அரை நாள். வியாழன் மதியம் வேலை முடிந்த பிறகுதான் மூடி திறக்கப்படும், அதுவும் வாரத்துக்கு ஒரு கணினி. நான் அந்தத் தாளுக்குக் கீழே, "ஜாதகப் பொருத்தமும் பார்க்கப்படும்" என்று எழுதிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் தாளை எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் செய்தி வந்தது. கணினிப் பிரிவுக்கு ஒரு தலைமைக் கிராணியை நியமிக்கப் போகிறார்கள். பெரிய அதிகாரி புதன்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார். போட்டியில் இரண்டே பேர், அக்காவும் நானும். வேலை தெரிந்தவர் அக்கா. அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பாசார் பக்கத்தில் எண் பார்த்துச் சொல்லும் ஒருவரிடம் போனேன். தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் என் பிறந்த தேதியைக் கூட்டினார். என் கணினியின் எண்ணை நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"எட்டா? சனி எண்ணு சார். அதுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு நீங்க பென்சன் வாங்குற வரைக்கும் கிராணிதான். உங்களுக்கு ஒண்ணு. சூரியன்."

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்காவிடம் போனேன்.

"அக்கா, உங்க ஒண்ணாம் நம்பர் எனக்குக் கிடைக்குமா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கிண்டல் செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. செய்யவில்லை.

"தாராளமா எடுத்துக்குங்க தம்பி. எனக்கு எந்த நம்பரும் சோறு போடல. ஆனா முதல்ல நான் அதை விடணும், அப்புறம்தான் நீங்க எடுக்கணும். வியாழக்கிழமை மத்தியானம் செஞ்சுர்றேன். தாள்ல பேர் எழுதிருங்க."

"புதன்கிழமைக்கு முன்னால முடியாதா?"

"பெரியவர் வர்ற நேரத்துல மூடியைத் தொறக்கக் கூடாது. ஏதாவது கோளாறாச்சுன்னா?"

தாளின் முன்னால் போய் நின்றேன். ஸ்டோர் கிராணியின் பேர், அதற்குக் கீழே என் கையெழுத்தில் அந்தக் கிண்டல். அதற்குக் கீழே என் பேரை எழுத என் கை வரவில்லை.

புதன்கிழமை அக்கா லீவு கேட்டிருந்தார். அம்மாவை அலோர் ஸ்டாரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அக்கா வராவிட்டால் அவருடைய கணினி ஓடாது. ஓடாத கணினிக்கு எண் ஒன்றானால் என்ன, நூறானால் என்ன? செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது என் கணினியைத் திறந்து, எட்டைக் கீழே தள்ளி ஒன்றை மேலே தள்ளினேன். ஒரு நிமிட வேலை. மூடியைப் போட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்தேன்.

புதன் காலை எல்லாம் நன்றாக ஓடியது. பெரிய அதிகாரி வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேனேஜர், கணக்குக் கிராணி, ஸ்டோர் கிராணி எல்லோரும் சுற்றி நின்றார்கள். தேத்தண்ணி கலக்கும் அம்மா தட்டோடு நின்றார். நான் ஆங்கிலத்தில் பொழிந்துகொண்டிருந்தேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். அம்மாவைத் தங்கையோடு பஸ் ஏற்றிவிட்டு, பெரியவர் வரும் நாளில் லீவு போடுவது சரியில்லை என்று வேலைக்கு வந்திருக்கிறார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தன் இடத்தில் உட்கார்ந்து, கணினியைப் போட்டார்.

என் திரை நின்றது. ஸ்டோர் கிராணியின் திரை நின்றது. அச்சு இயந்திரம் பாதி வரியில் நின்றது.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஆபீசில் பெட்டியைத் திறந்து பொத்தான் தள்ளுகிறவர் அக்கா ஒருவர்தான் என்பது. சுவரில் தாளும் இருக்கிறது.

"இது கம்பெனி மெஷினா, நாலு நம்பர் லாட்டரிக் கடையா? ஆளுக்கொரு ராசி நம்பர் போட்டு விளையாட உனக்கு யார் அனுமதி கொடுத்தது?"

அவர் மலாயில் கத்தி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு, "ரெண்டுதான் சார் மாத்தினேன். ரெண்டும் இத்தனை நாளா சரியா ஓடுச்சு. அஞ்சு நிமிஷம் குடுங்க, தொறந்து பார்த்துச் சொல்றேன்" என்றார்.

"இன்னும் திறக்கணுமா? போதும்!"

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மற்றவர் வாக்கியங்களை எல்லாம் முடித்துக்கொடுக்கும் நான், அன்று வாயே திறக்கவில்லை. பெரிய அதிகாரி எழுந்தார். அக்காவை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் சாப்பிடப் போனோம். நல்ல ஆட்டுக்கறி. திரும்பி வந்தபோது கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. "சரியாயிடுச்சு சார்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

பதவி எனக்கு வந்தது. அக்காவைப் பாலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு, பழையபடி பால் நிறுக்கும் வேலைக்கு, மாற்றினார்கள். போகும் நாளில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி வந்து விடைபெற்றார். என்னிடமும்.

மூன்று மாதம் கழித்து, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில், என் கணினியை மறுபடி எட்டுக்கு மாற்றிவிடலாம் என்று திறந்தேன். அதில் ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்று அக்காவின் பழைய கணினியைத் திறந்தேன். அதில் எட்டு. சனியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு சூரியனை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்படியானால் அன்றே அவருக்குத் தெரியும்.

தெரிந்த பிறகும் ஒரு வருடம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு பாலிங்குக்குக் காடி ஓட்டினேன். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தேன். மனசாட்சி, பலவீனம், மன்னிப்பு என்று நல்ல வார்த்தைகள். பால் நிறுக்கும் கொட்டகையில் முப்பது பேர் வாளிகளோடு நின்றார்கள். அக்கா தராசின் பின்னால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். நேரே அவர் முன்னால் போனேன்.

"பின்னால" என்றார்.

"அக்கா, நான்தான்."

நிமிர்ந்தார். "தெரியுது தம்பி. பின்னால நில்லுங்க. பால் காத்திருக்காது."

போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பால் எங்க சார்?"

"இல்ல."

"பால் இல்லாம நிறுக்க வந்தீங்களா?"

வெயில் கொட்டகைக்குள்ளும் வந்துவிட்டது. டை கட்டியிருந்தேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. என் முறை வந்தபோது, பின்னால் ஒரு பெண் இரண்டு வாளிகளோடு நின்றாள்.

"சொல்லுங்க தம்பி. சுருக்கமா. பின்னால ஆள் இருக்கு."

தயார் செய்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. "அன்னைக்கு நம்பரை மாத்துனது நான்தான் அக்கா. உங்களைத் திட்டுறப்ப சும்மா நின்னேன். தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும். நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப தொறந்து பாத்தேன். வியாழக்கிழமை செய்ய வேண்டியதுதானே, மூடியைத் தொறந்தாச்சு, ஒருநாள் முன்னாலயே செஞ்சு குடுத்துட்டேன்."

"ஏன் அக்கா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்ல வேண்டியது. நடுவுல பூந்து பேசி எனக்குப் பழக்கமில்ல." பேனாவை மூடினார். "சாப்பிட்டு வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். மறுநாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன். மாத்தல் லெட்டர் வந்தப்ப கட்டாயம் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

"அக்கா, என் பால்!" என்றாள் பின்னால் நின்றவள்.

நான் ஒதுங்கினேன். அவளுக்கு நிறுத்து எழுதிவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இங்கயும் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கு. என்னைத் தொட விடக் கூடாதுன்னு சுங்கை பட்டாணியிலருந்து உத்தரவு. சாமானைக் கெடுக்கிற ஆளுன்னு பேரு. இந்தப் பேரு எனக்கு வேணாம் தம்பி. அன்னிக்கு அந்த ரூம்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர அஞ்சு பேர் இருந்தாங்க. அஞ்சு பேர்கிட்டயும் போய் வாயால சொல்லுங்க. லெட்டர் வேணாம்."

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "நீ படிச்சவன்தானே?" என்று கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பதவியை எடுத்துவிட்டு, அக்காவைத் திரும்ப வரச் சொல்லித் தகவல் அனுப்பினார். அக்கா, "அஞ்சாவது ஆளும் கேக்கட்டும் சார், அப்புறம் வர்றேன்" என்று பதில் சொன்னார்.

கணக்குக் கிராணி தலையில் அடித்துக்கொண்டாள். "எட்டு வேணாம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அதையும் வாங்கி மூணு எட்டு ஆக்கியிருப்பேனே" என்றாள். ஸ்டோர் கிராணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார்.

தேத்தண்ணி கலக்கும் அம்மா வேலையை விட்டு மெர்கோங்கில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டைத் தேடிப்பிடித்துப் போனேன். நான் ஆரம்பிக்கும் முன்பே, "ஸ்குரூடிரைவர் சங்கதியா சார்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கிழமை மத்தியானம் கோப்பை எடுக்க வந்தேன். நீங்க பெட்டியைத் தொறந்து வெச்சிருந்தீங்க. வேலையா இருக்கீங்கன்னு திரும்பிப் போயிட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா? கிராணிங்க அஞ்சாறு பேர் நிக்கிற எடத்துல, தட்டு தூக்குறவகிட்ட என்ன நடந்துச்சுன்னு யாரு கேப்பா?" என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். அவர் வீட்டில் அதைக் குடிப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

ஐந்தாவது ஆள் பெரிய அதிகாரி. வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஏழு மாதம் காத்திருந்தேன். அவர் வந்த அன்று அறைக்குள் போய், நின்றுகொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

"எந்த அம்மா?"

விளக்கினேன். கணினி நின்றதைச் சொன்னேன். மேனேஜர் கத்தியதைச் சொன்னேன்.

"அப்படி ஒருத்தரைப் பார்த்த ஞாபகமே இல்லையே. மெஷின் நின்னதா? அன்னைக்கு மதியம் ஆட்டுக்கறி சாப்பிட்டோமே, அந்தத் தடவையா? அது நல்லா இருந்தது." கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை இழுத்துக்கொண்டார்.

பாலிங்குக்குப் போகும் வழியில் இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார் என்று சொல்லிவிடலாம். ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை. கொட்டகையில் அன்று வரிசை முடிந்திருந்தது. அக்கா தராசைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது ஆள் என்ன சொன்னாரு?"

"அவருக்கு உங்களை ஞாபகமே இல்ல அக்கா. மெஷின் நின்னதும் ஞாபகமில்ல. ஆட்டுக்கறிதான் ஞாபகமிருக்கு."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். ஒரு கணம் அழப்போகிறார் என்று நினைத்தேன். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். வெளியே வாளி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷம் தம்பி! அந்த ஆளு என்னை என்னா நெனச்சிருப்பாருன்னு ரெண்டு வருஷமா மருகிக்கிட்டுக் கெடந்தேன்! அவருக்கு ஆட்டுக்கறியாம்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது.

அடுத்த மாதம் சுங்கை பட்டாணிக்கு வந்து தலைமைக் கிராணியின் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆபீசுக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தபோது, ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திக்கொண்டே அக்கா என் மேசைக்கு வந்தார்.

"இவரு நல்ல ஆளும்மா. எந்தச் சந்தேகம் வந்தாலும் இவர்கிட்ட கேளு, இங்கிலீஷ்லயே சொல்லிக் குடுப்பாரு. மூடியை மட்டும் தொறக்க விட்டுடாத."